கமாண்டு பெயரில் நடுவில் உள்ள எழுத்து மட்டும்தான் ஞாபகம்: டெர்மினலில் தேடுவது எப்படி? (டெபியன் 12, நெட் கிடையாது)

பாம்பன்_வடகடல் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். லேப்டாப்பில் டெபியன் 12 (லினக்ஸ்), ஷெல் (டெர்மினல்ல அடிக்கிற கமாண்டை வாங்கி ஓட்டுற நிரல்) பாஷ். படகுக்கார ஆளுங்க கொண்டுவர்ற யூஎஸ்பி ஜிபிஎஸ் ரிசீவரை இதுல செருகி, சாட்டிலைட் எத்தனை பிடிக்குது, அட்சம் தீர்க்கம் ஒழுங்கா வருதான்னு பார்க்கணும். தடைக்காலம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், மொத்தம் 61 நாள். விசைப்படகு கரையில நிக்கிற இந்த நேரத்துலதான் எல்லாக் கருவியும் சோதனைக்கு வரும்.

வேண்டிய சாஃப்ட்வேர் எல்லாம் ஏற்கெனவே ஏத்தியாச்சு. டெர்மினலுக்குள்ளயே கட்டம் போட்டு சாட்டிலைட் வரிசையைக் காட்டுற ஒரு கமாண்டு உண்டு. பேருக்குள்ள ஜிபிஎஸ்னு வரும், அது மட்டும் நிச்சயம். ஜிபிஎஸ்னு அடிச்சு டேப் ரெண்டு தட்டு தட்டினா ஜிபிஎஸ்மான், ஜிபிஎஸ்பைப், ஜிபிஎஸ்டிகோடுன்னு வரிசையா வருது. நான் தேடுறது அதுல இல்ல. ஒரு கமாண்டு எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு சொல்ற விச் கமாண்டுக்கு, ஜிபிஎஸ்னு எழுதி முன்னும் பின்னும் நட்சத்திரம் போட்டுக் கொடுத்தேன், பதிலே இல்லாம அடுத்த வரிக்குப் போயிடுது.

ஜெட்டியில நெட்டை நம்ப முடியாது, தனுஷ்கோடிப் பக்கம் போனா கேக்கவே வேண்டாம். அதனால "கூகுள்ல பாருங்க" வேண்டாம். மெஷினுக்குள்ள இருக்கிறதை மெஷினே சொல்லணும்.

கமாண்டை எல்லாம் உச்சரிப்புப்படி தமிழ்லயே எழுதுறேன், கீபோர்டை மாத்தி மாத்தி முடியல. டெர்மினல்ல ஆங்கில எழுத்துலதான் அடிக்கணும்னு தெரியும்.

---

கீழக்கரை_ஷெல் எழுதியது:

டேப் சாவி பெயரோட தொடக்கத்தை மட்டும்தான் பொருத்திப் பார்க்கும். ஜிபிஎஸ்னு அடிச்சா ஜிபிஎஸ்ல ஆரம்பிக்கிறது மட்டும் வரும். முன்னால ஒரே ஒரு எழுத்து ஒட்டியிருந்தாலும் அது டேப்புக்குக் கண்ணுல படாது. உங்க விஷயத்துல அப்படித்தான் ஆகியிருக்கும்.

பாஷுக்குள்ளயே காம்ப்ஜென்னு ஒரு உள்கமாண்டு இருக்கு. சி, ஓ, எம், பி, ஜி, இ, என், ஏழு எழுத்து. டேப் தட்டும்போது பாஷ் எந்தப் பட்டியலைப் பார்க்குதோ அதை அப்படியே வெளியே கொட்டும்:

காம்ப்ஜென் -சி | கிரெப் -ஐ ஜிபிஎஸ் | சார்ட் -யு

நடுவுல உள்ள செங்குத்துக் கோடு பைப், ஒரு கமாண்டோட பதிலை அடுத்ததுக்குக் கொடுக்கும். கிரெப், சொன்ன எழுத்து உள்ள வரியை மட்டும் பிரிச்செடுக்கும். -சின்னா கமாண்டு எல்லாம். கிரெப்புக்குக் கொடுத்த -ஐ, பெரிய எழுத்து சின்ன எழுத்து பேதம் பார்க்காதேன்னு சொல்றதுக்கு. யூனிக்ஸ்ல ரெண்டும் வேற வேற, பெயரை எப்படி எழுதியிருப்பாங்கன்னு நாம ஊகிக்க வேண்டியதில்ல.

சார்ட் -யு கட்டாயம் போடுங்க, திரும்ப வர்ற பெயரை ஒன்னாக்கும். டெபியன் 12ல /பின் என்பது /யூஎஸ்ஆர்/பின் ஃபோல்டருக்கே சுட்டும் சிம்லிங்க். ரெண்டும் பாத் வரியில (கமாண்டை எந்தெந்த ஃபோல்டர்ல தேடணும்னு ஷெல்லுக்குச் சொல்ற பட்டியல்) தனித்தனியா இருக்கிறதால ஒவ்வொரு பெயரும் ரெண்டு தடவை வரும். "என் மெஷின்ல இத்தனை ஆயிரம் கமாண்டா"ன்னு டபிள்யூசி -எல் போட்டு எண்ணிப் பார்த்து வியக்கிறவங்க பாதி தடவை ஒரே ஆளை ரெண்டு முறை எண்ணியிருப்பாங்க.

ஒரு பொறி இருக்கு. காம்ப்ஜென் -சி ஜிபிஎஸ்னு தேடுசொல்லை அதுக்கே கொடுத்தா, டேப் செய்யற அதே வேலையைத்தான் அதுவும் செய்யும், தொடக்கம் மட்டும். சொல்லை கிரெப்புக்குத்தான் கொடுக்கணும்.

விச் ஏன் சும்மா இருந்துச்சு? நட்சத்திரத்தை விச் பார்க்கவே இல்ல, ஷெல்தான் முதல்ல பார்த்துச்சு. நீங்க நிக்கிற ஃபோல்டர்ல அப்படிப் பெயருள்ள ஃபைல் இருக்கான்னு தேடி, இல்லைன்னதும் நட்சத்திரத்தோட அப்படியே விச்சுக்கு அனுப்பிடுச்சு. விச் முழுப் பெயரை மட்டும்தான் தேடும். நட்சத்திரம் போட்ட பெயர்ல யாரும் கமாண்டு வைக்கலையே.

---

பாம்பன்_வடகடல் எழுதியது:

காக்கா, ரொம்ப நன்றி. ஆனா எனக்கு ஒன்னும் வரலை. நான் அடிச்சது இது:

காம்ப்ஜென் -சி | கிரெப் '*ஜிபிஎஸ்*'

மேற்கோள் குறி போட்டுத்தான் கொடுத்தேன்.

---

மண்டபம்_முகாம் எழுதியது:

நட்சத்திரத்தை எடுத்துடுங்க தம்பி.

ஷெல்லோட நட்சத்திரம் வேற, கிரெப்போட நட்சத்திரம் வேற. ஷெல்லுக்கு அது "எதுவா இருந்தாலும் சரி". கிரெப்புக்கு அது "முன்னால உள்ள எழுத்து எத்தனை தடவை வந்தாலும் சரி, வராட்டியும் சரி". வரிசையோட முதல் எழுத்தாவே நட்சத்திரம் நின்னா, அதுக்கு முன்னால ஒன்னும் இல்லாததால கிரெப் அதை வெறும் நட்சத்திரக் குறின்னே எடுத்துக்கும். அதாவது பேருக்குள்ள நிஜமாவே ஒரு நட்சத்திரம் இருக்கான்னு தேடியிருக்கீங்க.

கிரெப் எப்பவும் வரியோட எந்த இடத்துல இருந்தாலும் பொருத்தும். அதனால வெறும் ஜிபிஎஸ் போதும். கடைசியில மட்டும் வரணும்னா 'ஜிபிஎஸ்$', தொடக்கத்துல மட்டும்னா '^ஜிபிஎஸ்'. டாலர் குறி வர்றப்ப ஒற்றை மேற்கோளை விடாதீங்க.

நீங்க தேடுறது சிஜிபிஎஸ். ஆனா அதை நான் சொல்லி நீங்க கத்துக்கிட்டா அடுத்த தடவை இன்னொரு கமாண்டுக்கு இதே கேள்வி வரும், தேடியே எடுங்க.

---

பாம்பன்_வடகடல் எழுதியது:

வந்துடுச்சு! 'ஜிபிஎஸ்$' போட்டதும் சிஜிபிஎஸ் நிக்குது. அதேதான்.

ஆனா ஒரு சந்தேகம். பின்னணியில ஓடுற ஜிபிஎஸ்டி இன்ஸ்டால் ஆகியிருக்குன்னு உறுதியாத் தெரியும். வெறும் ஜிபிஎஸ்னு தேடினாலும் பட்டியல்ல அது மட்டும் இல்லையே. ஏன்?

---

கீழக்கரை_ஷெல் எழுதியது:

நல்ல கேள்வி, இதுலதான் பாதிப் பேர் சறுக்குவாங்க. காம்ப்ஜென்னுக்குத் தெரிஞ்ச உலகம் உங்க பாத் வரி மட்டும்தான் (அதோட அலியாஸ், ஃபங்க்ஷன், பாஷோட உள்கமாண்டு, இஃப், ஃபார் மாதிரி சொற்கள்). பாத்துக்கு வெளியில இருக்கிற ஃபைல் அதுக்கு இல்லாத மாதிரி.

எக்கோ $பாத்னு அடிச்சுப் பாருங்க. பாத் நாலு எழுத்தும் பெரிய எழுத்து. டெபியன்ல சாதாரண யூசருக்கு /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின், /யூஎஸ்ஆர்/பின், /பின், அப்புறம் ரெண்டு கேம்ஸ் ஃபோல்டர், அவ்வளவுதான். நிர்வாகக் கமாண்டுகள் இருக்கிற எஸ்பின் ஃபோல்டர் கிடையாது. ஜிபிஎஸ்டி உட்கார்ந்திருக்கிறது /யூஎஸ்ஆர்/எஸ்பின்ல. உபுண்டுவுல சாதாரண யூசருக்கும் எஸ்பின் பாத்துல சேர்ந்தே வரும், அதனால அங்க இதே தேடல்ல ஜிபிஎஸ்டி தெரியும். ஒரே கமாண்டு ரெண்டு மெஷின்ல ரெண்டு விதமாப் பதில் சொல்றது இதனாலதான்.

தற்காலிகமா எஸ்பின்னையும் சேர்த்துத் தேட:

( பாத்="$பாத்:/யூஎஸ்ஆர்/எஸ்பின்:/எஸ்பின்"; காம்ப்ஜென் -சி ) | கிரெப் -ஐ ஜிபிஎஸ் | சார்ட் -யு

வட்ட அடைப்பு முக்கியம். அதுக்குள்ள மாத்தின பாத் அதோட முடிஞ்சிடும், உங்க ஷெல்லோட பாத் அப்படியே இருக்கும். அடைப்பை விட்டுட்டு, சமக்குறிக்குப் பக்கத்துல $பாத் எழுதவும் மறந்தீங்கன்னா எல்எஸ் கூட "கமாண்ட் நாட் ஃபவுண்ட்"னு நிக்கும். பயப்பட வேண்டாம், அந்த ஜன்னலை மூடிட்டுப் புதுசு திறந்தா சரி.

இன்னொன்னு. வெறும் எஸ்யூ போட்டு ரூட் (நிர்வாகி யூசர்) ஆனாலும் டெபியன் 10ல இருந்து பழைய யூசரோட பாத்தே தொடரும். எஸ்யூ, ஒரு இடைவெளி, ஒரு கோடுன்னு போட்டாத்தான் ரூட்டுக்குரிய பாத் வரும்.

---

தொண்டி_துறை எழுதியது:

காம்ப்ஜென் பெயரை மட்டுமே பார்க்கிறது என்பதை யாரும் சொல்லவில்லை. ஜிபிஎஸ் என்ற எழுத்தே பெயரில் இல்லாத ஜிபிஎஸ் கமாண்டுகள் உண்டு. உதாரணம், பயணத் தடத்தை ஃபைலாகச் சேமிக்கும் ஜிபிஎக்ஸ்லாகர். மூன்றாவது எழுத்து எஸ் அல்ல, எக்ஸ். மேலே சொன்ன தேடல் எதிலும் அது சிக்காது. 'ஜிபி[எஸ்எக்ஸ்]' என்று சதுர அடைப்புக்குள் இரண்டு எழுத்தையும் கொடுத்தால் சிக்கும், ஆனால் எக்ஸ் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டுமே.

இதற்குத்தான் அப்ரப்போஸ். மேன் -கே என்றாலும் அதுவே. ஒவ்வொரு மேன் பக்கத்தின் (கமாண்டோடு வரும் உதவிப் பக்கம்) தலையிலும் உள்ள பெயரையும் ஒருவரி விளக்கத்தையும் சேர்த்துத் தேடும்:

அப்ரப்போஸ் -எஸ் 1,8 ஜிபிஎஸ்

இங்கே -எஸ் சின்ன எழுத்து. 1 என்பது சாதாரண கமாண்டுகள், 8 என்பது நிர்வாகக் கமாண்டுகள். இந்த எண்களைக் கொடுக்காவிட்டால் சி மொழி நிரலாளருக்கான லிப்ஜிபிஎஸ் (3), ஃபைல் வடிவம் பற்றிய பக்கங்கள் (5) எல்லாம் கலந்து வரும். அவற்றை டெர்மினலில் அடித்தால் ஓடாது. 8 என்று வந்தால் அது பெரும்பாலும் எஸ்பின்னில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம், ஆகவே பாத் சிக்கலையும் இது தானாகத் தாண்டிவிடுகிறது.

இரண்டு சொல்லும் சேர்ந்து வரவேண்டுமென்றால் -ஏ சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும் என்று நீண்ட பட்டியல் கொட்டும்.

"நத்திங் அப்ரோப்ரியேட்" என்று வந்தால் கமாண்டு இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். மேன் பக்கங்களின் அட்டவணை இன்னும் தயாராகவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். சூடோ மேன்டிபி ஒருமுறை ஓட்டிவிட்டு மறுபடி தேடுங்கள். இதற்கு நெட் தேவையில்லை.

---

மண்டபம்_முகாம் எழுதியது:

தொண்டி அண்ணன் சொல்றது சரி, ஒரு குறையோட. மேன் பக்கமே இல்லாத கமாண்டு அப்ரப்போஸுக்குத் தெரியாது. /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்ல நாமளே போட்டு வச்ச ஸ்கிரிப்டுக்கு யாரு மேன் பக்கம் எழுதுறா? இடம் மிச்சம் பிடிக்கிற சின்ன இமேஜ்கள்ல மேன் பக்கங்களையே கழட்டிட்டுத்தான் தருவாங்க, அங்க அப்ரப்போஸ் வெறும் கை. பெயர் தெரிஞ்சா காம்ப்ஜென், வேலை தெரிஞ்சா அப்ரப்போஸ்.

மூணாவதா, எந்தப் பேக்கேஜ்ல வந்துச்சுன்னு தெரிஞ்சா, டெபியன்ல பேக்கேஜ் ஏத்துற டிபிகேஜிகிட்டயே கேக்கலாம்:

டிபிகேஜி -எல் ஜிபிஎஸ்டி-கிளையன்ட்ஸ் | கிரெப் பின்/

இந்த -எல் பெரிய எழுத்து. சின்ன எல் போட்டா பேக்கேஜோட ஒருவரிக் குறிப்பு மட்டும் வரும். பேக்கேஜ் பெயரே தெரியலைன்னா:

டிபிகேஜி -எஸ் '*பின்/*ஜிபிஎஸ்*'

இதுவும் பெரிய எஸ். பின், எஸ்பின் ரெண்டும் மாட்டும், பாத்துல இருக்கா இல்லையான்னு கவலையே இல்ல. எது எந்தப் பேக்கேஜுன்னும் பக்கத்துலயே வரும். இங்க மட்டும் நட்சத்திரம் ஷெல் பாணி, கிரெப் பாணி இல்ல. மேற்கோள் கட்டாயம். கையால காப்பி பண்ணிப் போட்டது இதுல வராது, டிபிகேஜி வழியா வந்தது மட்டும்தான்.

ஏபிடி-ஃபைல் பத்தி யாராச்சும் சொல்றதுக்கு முன்னாடி: அது இன்ஸ்டால் ஆகாத பேக்கேஜுக்குள்ளயும் தேடும், ஆனா பட்டியலை முன்கூட்டியே நெட்ல இறக்கி வச்சிருக்கணும். ஜெட்டியில நின்னுக்கிட்டு ஆரம்பிக்கிற வேலை இல்ல.

---

கீழக்கரை_ஷெல் எழுதியது:

டைப் பண்ணச் சோம்பல்னா ஒரு குறுக்கு வழி. டெர்மினல்ல

/யூஎஸ்ஆர்/பின்/*ஜிபிஎஸ்*

வரைக்கும் அடிச்சு, என்டர் தட்டாம, கண்ட்ரோல்+எக்ஸ் அழுத்தி விட்டுட்டு ஜி தட்டுங்க. பொருந்துற பெயர் எல்லாம் கீழ வரிசையா வரும், நீங்க அடிச்ச வரி கலையாம நிக்கும். ஜிக்குப் பதிலா நட்சத்திரம் தட்டினா அந்த இடத்துலயே எல்லாப் பெயரும் விரிஞ்சிடும். பாஷ் வழக்கமான ஈமேக்ஸ் சாவி அமைப்புல இருக்கணும். விஐ அமைப்புக்கு மாத்தினவங்களுக்கு இது வேலை செய்யாது.

தினமும் தேவைப்படுறவங்க, பாஷ் தொடங்கும்போது படிக்கிற பாஷ்ஆர்சி ஃபைலோட கடைசியில இதைப் போட்டுக்கலாம். பாஷ்ல ஃபங்க்ஷன் பெயரைத் தமிழ்லயே வைக்க முடியும்:

தேடு() { ( பாத்="$பாத்:/யூஎஸ்ஆர்/எஸ்பின்:/எஸ்பின்"; காம்ப்ஜென் -சி ) | கிரெப் -ஐ -- "$1" | சார்ட் -யு; }

பெயர் மட்டும் நிஜமாவே தமிழ் எழுத்து, மீதியெல்லாம் வழக்கம்போல ஆங்கிலம். நடுவுல ரெண்டு கோடு எதுக்குன்னா, தேடுசொல் கோடுல ஆரம்பிச்சா கிரெப் அதை ஆப்ஷன்னு நினைச்சுக் குழம்பாம இருக்க. கடைசி அடைப்புக்கு முன்னால உள்ள அரைப்புள்ளியை விட்டா, ஃபங்க்ஷன் முடிஞ்சது பாஷுக்குத் தெரியாம, புது டெர்மினல் திறக்கும்போது "சின்டாக்ஸ் எரர்"னு சொல்லும். சேவ் பண்ணிட்டுப் புது டெர்மினல் திறங்க.

ஃபங்க்ஷனுக்குத்தான் தமிழ்ப் பெயர். மாறிக்கு வச்சா பாஷ் ஏத்துக்காது, அதைக் கமாண்டுன்னு நினைச்சுத் தேடப் போயிடும்.

---

தொண்டி_துறை எழுதியது:

தமிழ்ப் பெயர் அழகுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் கீபோர்டை மாற்றி, திரும்ப மாற்றி அடிப்பதற்குள் காம்ப்ஜென் வரியையே மூன்று முறை அடித்துவிடலாம். எஸ்எச் என்று தொடங்கும் ஸ்கிரிப்டில் இதைப் போட்டால் டெபியனில் ஓடுவது பாஷ் அல்ல, டேஷ் என்ற வேறு ஷெல். "பேட் ஃபங்க்ஷன் நேம்" என்று நின்றுவிடும். பெயரை மாற்றினாலும் பயனில்லை, டேஷில் காம்ப்ஜென்னே கிடையாது.

ஜீஷெல் வைத்திருப்பவர்களுக்கும் காம்ப்ஜென் நேரடியாக வராது. அங்கே இன்னும் சுலபம்:

வென்ஸ் -எம் '*ஜிபிஎஸ்*'

-எம் கொடுத்தால் நட்சத்திரத்தைப் பொருத்தமாக எடுத்துக்கொள்ளும். பாஷ், டேஷ் இரண்டிலும் நிற்பது ஃபைண்ட்தான்:

( ஐஎஃப்எஸ்=:; ஃபைண்ட் $பாத் -மேக்ஸ்டெப்த் 1 -ஐநேம் '*ஜிபிஎஸ்*' )

ஐஎஃப்எஸ் மூன்றும் பெரிய எழுத்து. பாத் வரியை முக்காற்புள்ளியில் உடைக்கச் சொல்கிறது. ஜீஷெல் மட்டும் இப்படித் தானாக உடைக்காது, அங்கே வென்ஸ் போதும். இதில் -டைப் எஃப் சேர்க்க வேண்டாம். சேர்த்தால் சிம்லிங்க்காக இருக்கும் கமாண்டுகள் எல்லாம் உதிர்ந்துவிடும், கமாண்டுகளில் கணிசமானவை சிம்லிங்க்குகள். இல்லாத ஃபோல்டர் பாத்தில் இருந்தால் "நோ சச் ஃபைல்" என்று ஒரு வரி முணுமுணுக்கும், பொருட்படுத்த வேண்டாம். அலியாஸும் உள்கமாண்டும் இதில் வராது, ஃபைல் மட்டும்தான்.

---

பாம்பன்_வடகடல் எழுதியது:

எல்லாம் ஓடுது. டிபிகேஜி வழி ரொம்பப் பிடிச்சிருக்கு. இப்ப சிஜிபிஎஸ் அடிச்சா "நோ ஜிபிஎஸ்டி ரன்னிங்"னு சொல்லிட்டு வெளிய வந்துடுது. இது தலைப்புக்கு வெளியேன்னு தெரியும், மன்னிச்சுக்குங்க.

இன்னொன்னு, படகு ஒன்னுல பிஸிபாக்ஸ் (பல கமாண்டையும் ஒரே ஃபைல்ல அடக்கின சின்னத் தொகுப்பு) ஓடுற சின்ன போர்டு இருக்கு. அதுல காம்ப்ஜென் "நாட் ஃபவுண்ட்"னு வருது.

---

மண்டபம்_முகாம் எழுதியது:

பிஸிபாக்ஸ் ஷெல் ஆஷ், அதுல காம்ப்ஜென் இருக்காது. பிஸிபாக்ஸ் --லிஸ்ட் | கிரெப் போட்டா அதுக்குள்ள அடங்கின கமாண்டு வரும். தனியாப் போட்டதுக்கு எல்எஸ் /யூஎஸ்ஆர்/பின் /யூஎஸ்ஆர்/எஸ்பின் | கிரெப் ஜிபிஎஸ். அங்க /பின் தனி ஃபோல்டரா இருக்கலாம், அதையும் பாருங்க.

சிஜிபிஎஸ் வெறும் முகம், பேசுறது ஜிபிஎஸ்டிகிட்ட. சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் ஜிபிஎஸ்டி.சாக்கெட் போடுங்க. அப்புறமும் சாட்டிலைட் காலின்னா, ரிசீவர் /டெவ் கீழ டிடிஒய்யூஎஸ்பி0 ஆ, டிடிஒய்ஏசிஎம்0 ஆன்னு பார்த்து அந்த முழுப் பாதையை /இடிசி/டிஃபால்ட்/ஜிபிஎஸ்டி ஃபைல்ல டிவைசஸ் வரியில எழுதி ரீஸ்டார்ட் பண்ணுங்க. தகர ஷெட்டுக்குள்ள வச்சு சோதிக்காதீங்க, வானம் தெரியணும்.

ஓடினதும் இப்படி அடிங்க:

சிஜிபிஎஸ் -எஸ் -எல் எம்

ரெண்டும் சின்ன எழுத்து. -எஸ் கீழ ஓடுற கச்சாத் தரவை மறைக்கும். -எல் எம் இடத்தைப் பாகை, தசம நிமிஷமாக் காட்டும். படகுக்காரர் கருவியில வச்சிருக்கிற அளவு பெரும்பாலும் அதுதான். இதைக் கலக்கிட்டா என்ன ஆகும்னா, 9 பாகை 20 நிமிஷம் தசமத்துல 9.333. அதை அப்படியே 9.20ன்னு ஏத்திட்டா சுமார் 15 கிலோமீட்டர் தெற்க தள்ளிடும். பாம்பன் பாலமே 9.28ல இருக்கு, வடகடல்ல நிக்கிற படகு தென்கடல்ல நிக்கிறதாக் காட்டும்.